இருபத்தேழாம் டோக்கனின் ரத்தம்

கஜபதியை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்தவற்றைப் படித்துவிட்டு, நான் இரக்கப்பட்டு ஓடியாடினேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தொண்ணூற்றிரண்டாம் வருடம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. வானகரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கம்பிக் கதவை சைக்கிளின் முன்சக்கரத்தால் இடித்துத் திறந்துகொண்டு அவன் உள்ளே வந்தான். மூடிப்போன ஓர் அரிசி மில்லை வாங்கி ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். நெல் மூட்டை அடுக்கிய கொட்டகையில் இப்போது வெள்ளெலிகள் கூண்டுகளில் இருந்தன. மருந்தும் விஷமும் உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை. எலிகள் போக, அந்த வருடம் மனிதர்களும் எங்கள் கணக்கில் சேர்ந்திருந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பூச்சிமருந்தைப் புட்டிகளில் அடைக்கும் ஒரு கம்பெனியின் பதினான்கு தொழிலாளிகள். அது என் முனைவர் பட்ட ஆய்வு. கஜபதி அந்தப் பதினான்கில் ஒருவன், டோக்கன் எண் இருபத்தேழு.

"புஷ்பா யாரு இங்க?" என்றான்.

"நான்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். அந்த மாதம் கம்பெனிக்கு வந்து ரத்தம் எடுத்தவள்தான் புஷ்பா என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஊசி மேடமா. என் சோத்துல மண்ணள்ளிப் போட்டது நீதானா."

சட்டைப் பையிலிருந்து வியர்வையில் நனைந்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். முந்தின நாள் நான் கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்தின் நகல். இருபத்தேழாம் டோக்கன்காரரின் ரத்தத்தில் நொதியின் அளவு ஆரம்பத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது. திங்கள் முதல் மருந்து லைனில் நிறுத்த வேண்டாம், ஆறு வாரம் ஓய்வு கொடுங்கள் என்று எழுதியிருந்தேன்.

"இன்னும் பத்தொம்போது நாள் கீது எனுக்கு," என்றான். "இருநூத்தி நாப்பது நாள் முடிச்சவன பர்மனென்ட் ஆக்கறேன்னு இந்தத் தபா யூனியன்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துகீறாங்க. ஆறு வாரம் ஊட்ல குந்திகினா திரும்ப ஒண்ணாம் நாள்லேர்ந்து எண்ணணும். தெரியுமா உனுக்கு?"

தெரியும். ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். 'பர்மனென்ட்' என்ற சொல்லை எங்கள் வீடுகளில் எந்தக் குரலில் சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவன் பேசிய விதம் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"செத்துப் போனப்புறம் பர்மனென்ட் ஆர்டரை எங்க மாட்டுவீங்க?" என்றேன்.

"யார் சாவறது. என்னைப் பாத்தா சாவறவன் மாதிரி கீதா?"

இல்லைதான். அதுதான் எனக்கு இன்னும் கோபம். டார்ச்சை எடுத்து அவன் கண்ணில் அடித்துப் பார்த்தேன். அந்த மருந்து உடம்பில் ஏறியவனுக்குக் கண்மணி கடுகுபோலச் சுருங்கியிருக்க வேண்டும். வாயில் நீர் ஊற வேண்டும், தசை துடிக்க வேண்டும். நரம்பு தசைக்கு ஒரு சேதி அனுப்புகிறது. சேதி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைத்து எடுப்பதற்கென்றே உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதியைப் பிடித்துப் பூட்டிவிடும். துடைக்க ஆளில்லாமல் சேதிமேல் சேதி குவியும், உடம்பு தறிகெட்டுப் போகும். பூச்சி சாவதும் மனிதன் சாவதும் அப்படித்தான். கஜபதியின் கண்மணிகளோ அகலமாக, தெளிவாக, என்னையே முறைத்துக்கொண்டிருந்தன.

"டிசம்பர்ல உங்க அளவு தொண்ணூத்திரண்டு," என்றேன். "இப்போ நாப்பத்தொண்ணு. கண்ணுல தெரியறதுக்கு முன்னாடியே ரத்தத்துல தெரிஞ்சிடும். அதுக்குத்தான் எடுக்கறோம்."

அவன் கூண்டுப் பக்கம் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"மொத ரத்தம் என்னுது இல்ல."

"என்னது?"

"டிசம்பர்ல குடுத்தது. அது என்னுது இல்ல."

சொல்லத் தொடங்கியதும் அவனுக்கே வேகம் வந்துவிட்டது. மருந்து லைனுக்கு மாற்றும் முன் எல்லோருக்கும் ரத்தம் எடுப்பார்கள் என்று டிசம்பரில் அறிவித்தபோது, எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. குடிகாரர்களைக் கண்டுபிடித்துச் சீட்டைக் கிழிக்கத்தான் என்று லைனில் பேச்சு. கஜபதியோ முந்தின நாள்தான் பாரிவாக்கத்தில் ஒரு கூட்டாளியின் கல்யாணத்தில் மூக்குமுட்டக் குடித்திருந்தான்.

"என் தங்கச்சி ஊட்டுக்காரன் துலுக்கானம் அப்ப மலைக்கு மாலை போட்டிருந்தான். சொட்டு சரக்கு கெடையாது, கவுச்சி கெடையாது, ரெண்டு வேள குளியல். எங்க தெருவுலயே சுத்தமான ரத்தம் அவன்துதான். டோக்கன அவன் கைல குடுத்து அனுப்பிட்டேன்."

கம்பெனியில் எதுவும் டோக்கனை வைத்துத்தான் நடக்கும். காலையில் கேட்டில் டோக்கனைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். டீக்கும் டோக்கன், சோப்புக்கும் டோக்கன். டிசம்பரில் ரத்தம் எடுத்தவர் கம்பெனியின் கம்பவுண்டர் அப்பாவு. நான் சாயங்காலம் ஐஸ் பெட்டியோடு போய் வாங்கிவந்தேன், அவ்வளவுதான். அப்பாவு டோக்கனைப் பார்த்திருப்பார், நரம்பைப் பார்த்திருப்பார். முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

"இந்த மாசம் நீ வந்தே. அப்ப நான் குடிக்கல. நானே கை நீட்னேன். இதான் நடந்துது. எனுக்கு ஒடம்புல ஒண்ணுமில்ல."

"பொய்," என்றேன்.

பொய் என்று நான் நினைக்கவில்லை. பொய்யாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். ஒவ்வொருவரின் ஆரம்ப அளவோடு அவரவர் பிந்தைய அளவை ஒப்பிடுவதுதான் என் ஆய்வு மொத்தமும். அந்த ஆரம்ப அளவுகளைப் பார்த்துவிட்டு என் வழிகாட்டி டாக்டர் ராஜசேகரன், யாரையும் பாராட்டாதவர், "பரவாயில்லையே" என்று சொல்லியிருந்தார். அதில் ஒன்று இன்னொருவனின் ரத்தம் என்றால் மற்ற பதின்மூன்று யாருடையவை?

"நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க," என்றேன். "இப்ப கையை நீட்டுங்க."

"இன்னுமா எடுப்பே?"

"இன்னிக்கு ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்திருக்கீங்க. விஷம் இருந்தா இப்பத்தான் புதுசா இருக்கும். இருக்கா இல்லையான்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுவேன்."

சட்டைக் கையை மடக்கி நீட்டினான். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குழாயில் ஏறும் ரத்தத்தையே, கடைக்காரன் தராசைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இருவரும் வந்தார்கள். துலுக்கானம் ஒல்லியான, வெடவெடவென்ற ஆள். ஆவடியில் லாரிப் பட்டறையில் வேலை. ரத்தம் கொடுத்த காலத்து மாலையை ஜனவரியிலேயே கழற்றிவிட்டிருந்தான். உள்ளே நுழையும்போதே சொன்னான்:

"நான் எங்கயும் போகல. யாருக்கும் எதுவும் குடுக்கல."

"டேய் மச்சான், வழியில இன்னா சொல்லிகினு வந்தே?" என்றான் கஜபதி.

"வழியில நீ என் காலரப் புடிச்சிகினு வந்தே. அதான் தலையாட்னேன்."

"மேடத்தாண்ட உண்மையச் சொல்லு. உன்ன ஒண்ணும் பண்ணிட மாட்டாங்க."

"மாலை போட்டுகினு பொய் சொன்னேன்னு என் வாயால சொல்லணுமா? இருவத்தேழு யாருன்னு கேட்டாரு அந்த கம்பவுண்டரு. நான்தான்னேன். கழுத்துல மாலையோட. மலைக்குப் போய்வந்த வாரமே புள்ளைக்கு மஞ்சக் காமாலை. அது எதுனாலன்னு எனுக்குத் தெரியும். குருசாமிக்குத் தெரிஞ்சா அடுத்த வருசம் என் தலையில இருமுடி ஏத்துவாரா?"

"தோ ஒத்துக்கினியே."

"ஒண்ணும் ஒத்துக்கல. பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சு எனக்கு வேண்டாம்," என்றேன் நான். "ரத்தம் வேணும். உங்க ரத்தம் மாலையைப் பத்தி எதுவும் சொல்லாது."

"சொல்லாதுன்னு நீ எப்டி சொல்றே? குடிச்சத சொல்லும்னாங்க, வெசத்த சொல்லும்னு நீ சொல்றே. இத்த மட்டும் சொல்லாதா?"

நான் ஊசியை எடுத்து வைத்தேன். கஜபதிதான் முன்னால் வந்தான். குரல் தணிந்திருந்தது. அது கத்தலைவிட மோசமாக இருந்தது.

"ஆடில உன் புள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தறே இல்ல. யார் மடியில உக்கார வெப்பே? தாய்மாமன்னு நான் ஒருத்தன்தான் கீறேன். வர மாட்டேன். ஊர்ல எவனையாவது வாடகைக்குப் புடிச்சி அவன் மடியில உக்கார வெச்சிக்கோ. என் தங்கச்சி நாலு பேருக்கு எதிர்ல பதில் சொல்லிக்கட்டும்."

துலுக்கானம் அவனைப் பார்த்தான். பிறகு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான்.

"எடு," என்றான் என்னிடம். கஜபதியிடம் திரும்பி, "மொட்டைக்கு வா. மடிய குடு. அத்தோட எழுந்து போ. என் ஊட்ல ஒரு வாய் தண்ணி குடிக்காத," என்றான்.

"எவன் குடிப்பான்," என்றான் கஜபதி.

அவன் வாசலிலேயே காத்திருக்க, நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் துலுக்கானத்தின் ரத்தம். அதில் நொதி எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குக் குழாயில் மஞ்சள் நிறம் ஏறும். ஏறியது. தொண்ணூறு. டிசம்பரில் கஜபதியின் பெயரில் நான் எழுதிவைத்தது தொண்ணூற்றிரண்டு. துலுக்கானம் வாயால் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆனாலும் ஒரு வழி பாக்கி இருந்தது. ஆரம்ப அளவு அவனுடையதல்ல என்பதால், இப்போது அவன் உடம்பில் விஷம் இல்லை என்று ஆகிவிடாது. அதைச் சொல்ல ஒரு சோதனை உண்டு. பூச்சிமருந்து பூட்டிய நொதியைத் திறந்துவிடுகிற மாற்று மருந்து ஒன்று இருக்கிறது, பிராலிடாக்சிம். விஷம் ஏறியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுவது. அதைக் குழாயிலேயே ரத்தத்தோடு கலந்தால், பூட்டப்பட்டிருக்கும் நொதி விடுபட்டு மஞ்சள் கூடும். பிறவியிலேயே நொதி குறைந்தவன் என்றால், திறக்க அங்கே பூட்டே இல்லை. நிறம் அப்படியே இருக்கும். சரிபார்க்க, காலையில் ஒரு வெள்ளெலிக்கு அந்தக் கம்பெனியின் மருந்தையே கொடுத்து ரத்தம் எடுத்துவைத்திருந்தேன்.

எலியின் குழாயில் மஞ்சள் கூடியது. ஏறக்குறைய இருமடங்கு. மாற்று மருந்து வேலை செய்கிறது.

கஜபதியின் குழாயை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன்: நிறம் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஏறினால் அவனுக்குள் விஷம் இருக்கிறது, என் கடிதம் சரி, என்னை அதட்டியவன் தவறு. கதவுக்கு வெளியே சைக்கிள் மணியை விரலால் சுண்டிக்கொண்டு நிற்கிற ஒரு மனிதனின் உடம்பில் விஷம் இருக்க வேண்டும் என்று, கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, நான் மனதார விரும்பினேன். அரை நிமிஷம் இருக்கும். நிறத்தை அளக்கும் கருவியின் முள்ளைப் பார்த்தேன். மாற்று மருந்து கலக்காமல் நாற்பது. கலந்தும் நாற்பத்தொன்று. மறுபடி செய்தேன். அதேதான்.

அவன் பிறவியிலேயே அப்படி. சிலர் குள்ளமாகப் பிறப்பதுபோல அவன் அந்த நொதி குறைவாகப் பிறந்திருந்தான். முப்பத்தொரு வருடம் யாரும் அதை அளக்கவில்லை, அவனுக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

கதவைத் திறக்கப் போனபோதுதான் மீதிப் பாதி எனக்கு உறைத்தது. நாங்கள் அளந்தது ரத்தத்தில் மிதக்கிற நொதி, நரம்பில் இருப்பதன் உடன்பிறப்பு. விஷம் உடம்பில் நுழைந்தால் நரம்புகளுக்குப் போவதற்கு முன் இந்த நொதி குறுக்கே விழுந்து, முடிந்த மட்டும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். இவனிடம் அந்தக் காவல் பாதிதான் இருக்கிறது. அந்தப் பதினான்கு பேரில் விஷம் ஏறாதவன் இவன். ஏறினால் முதலில் விழுகிறவனும் இவன்தான்.

வெளியே வந்து இரண்டையும் சொன்னேன். அவன் முதல் பாதியை மட்டும் கேட்டான்.

"வெசம் இல்ல இல்ல. அத்த எழுதிக் குடு."

"எழுதறேன். இன்னொண்ணும் எழுதுவேன். மருந்து லைன்ல உங்களை நிறுத்தக் கூடாது, அட்டைப்பெட்டி செக்‌ஷனுக்கு மாத்தணும்னு."

"பொட்டி செக்‌ஷன்ல எல்லாம் காண்ட்ராக்ட் ஆளுங்க. அங்க போய் ஒரு நாள் நின்னாலும் என் சர்வீசு அவ்ளோதான்." என் அருகில் வந்தான். "நீ எனுக்கு நல்லது பண்றியா, கெட்டது பண்றியா? ஏதாச்சும் ஒண்ணு பண்ணு."

"ரெண்டும் இல்ல. உண்மையை எழுதறேன்."

"உண்மைய எழுதறவ," என்றான், "டிசம்பர்ல என் டோக்கனுக்கு ஊசி போடறப்ப எங்க போயிருந்தே?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். சக்கரம் கதவில் இடித்தது. வேண்டுமென்றே இடித்தானோ என்னவோ.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பெனியின் பர்சனல் ஆபீசர் பார்த்தசாரதியின் அறையில் இருந்தேன். அறிக்கை இரண்டு பக்கம். டிசம்பர் ரத்தம் வேறொருவருடையது. இவர் உடம்பில் மருந்தின் பாதிப்பு இல்லை. பிறவியிலேயே நொதி குறைவு. அதனால் சர்வீஸ் முறியாமல் மருந்து படாத இடத்துக்கு இவரை மாற்ற வேண்டும். பார்த்தசாரதி நிதானமாகப் படித்தார். பேனாவால் ஒரே ஒரு வரியின் அடியில் கோடு போட்டார்.

"வேற ஆளோட ரத்தம்," என்றார். "அப்போ மத்த பதிமூணு?"

"அது அவங்கவங்களோடதுதான்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க அன்னிக்கு இங்க இல்லையே."

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை அவர் முன் நகர்த்தினேன்.

"எங்க கம்பவுண்டர் பார்க்கல, நீங்களும் பார்க்கல. இதை வெளியில சொன்னா ரெண்டு பேருக்கும் அசிங்கம். அந்த ஆளை டிஸ்மிஸ் பண்ணினா யூனியன் கொடி பிடிப்பான்." காகிதத்தை மடித்தார். "ஒண்ணு பண்ணிடலாம். இந்த ரத்தம் எடுக்கற வேலையையே நிறுத்திடுவோம். கணக்கு ஆரம்பத்துலேயே தப்பு, நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. டிசம்பர்லேர்ந்து எனக்கு இது ஒரு தலைவலி. மாசத்துக்கு ஒருத்தனை ஓய்வுல அனுப்புன்னா ஃபாக்டரி எப்படி நடக்கும்?"

"அவரை லைன்ல நிறுத்தக் கூடாது, சார்."

"பாதிப்பு இல்லைன்னு போட்டு நீங்கதான் கையெழுத்து வெச்சிருக்கீங்க. உங்க கையெழுத்துதானே இது?"

"அடுத்த வரியைப் படிங்க."

"படிச்சேன். பிறவியிலேயே அப்படின்னா அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்? அவனுக்கு வேலை வேணும், வாயைத் திறந்து கேக்கறான். வேணாம்னு சொல்றது நீங்க மட்டும்தான்." மணியை அடித்து ஆளைக் கூப்பிட்டார். "இருபத்தேழை உள்ளே விடச் சொல்லு. லைனுக்கே."

ராஜசேகரன் என்னைத் திட்டவில்லை. பதினான்கு பேரின் கணக்குப் பக்கங்களையும் ஒரு கவரில் போட்டு, என் மேஜை டிராயரில் அவரே வைத்து மூடினார். "எலியோட நிறுத்தியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார். அம்பத்தூரில் இன்னொரு கம்பெனியிடம் கேட்டுப் பார்த்தேன். செய்தி எனக்கு முன்னால் அங்கே போயிருந்தது. பார்த்தசாரதிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள், காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். கஜபதி புதுக் காக்கிச் சட்டையில் வந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் இறுகிவிட்டது.

"இன்னா. திரும்ப ரத்தமா?"

"இல்ல. இதை வெச்சிக்கங்க." ஒரு அட்டையில் அவன் பெயரும் விவரமும் எழுதி, ராஜசேகரனிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன். "எப்பவாவது உங்களுக்கு ஆபரேஷன்னு வந்தா டாக்டர்கிட்ட இதைக் காட்டணும். மயக்கம் கொடுக்கறப்போ உடம்பைத் தளர்த்த ஒரு ஊசி போடுவாங்க. மத்தவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துல அது கரைஞ்சிடும். உங்களுக்குக் கரையாது. மூச்சு நின்னுடும். மருந்து மேல பட்டு மயக்கம் வந்தாலும் காட்டுங்க, சீக்கிரம் கவனிப்பாங்க."

வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"இத்த உள்ள யாருக்காச்சும் குடுத்துகீறியா?"

"இல்ல."

"குடுக்காத." அட்டையை என்னிடமே நீட்டினான். "ஒடம்புல கொறைன்னு எழுதின காகிதத்த பாக்கெட்ல வெச்சிகினு எவனாவது வேலைக்குப் போவானா? ஒருநாள் கேட்ல தடவிப் பாப்பான். அப்புறம் நான் பர்மனென்டா, நீ பர்மனென்டா?"

"சம்சாரத்துக்கிட்ட கொடுத்து வைங்க."

"சொர்ணத்தாண்ட போயிடாத," என்றான். சத்தமில்லாமல் சொன்னான். "எங்க ஊட்டாண்ட நீ வந்தேன்னா நல்லா இருக்காது. நீ செஞ்சது போதும்."

சங்கு ஊதியது. ஆட்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். அதுவரை அவன் புட்டி மூடிக்கு சீல் போடும் கடைசி முனையில் நின்றவன். நெடி அங்கே குறைவு. அதனால்தான் இத்தனை மாதத்தில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இன்னும் சீல் போடற எடத்துலதானே இருக்கீங்க?" என்று கேட்டேன்.

உள்ளே போகிற வேகத்தில் பாதி திரும்பினான். நான் அவனைப் பார்த்த நாட்களில் முதன்முறையாகச் சிரித்தான். எனக்காக இல்லை.

"பர்மனென்ட் ஆளு ஏன் சீல் போடறான்?" என்றான். "பீப்பாய்லேர்ந்து மருந்து ஊத்தற எடம். லைனுக்கே தல. நேத்துலேர்ந்து அங்கதான்."